குமர் காரியமும் அதன் பின்னும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கும்பொழுது, வாயிலின் ஓரத்தில் ஒரு துண்டு விரிக்கப்பட்டிருப்பதை நம்மில் யாவரும் கண்டிருப்போம். அதனருகே தாடி நரைத்த ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் கையில் அவரது ஊர் ஜமாஅத்தின் முத்திரை பதித்த கடிதம் ஒன்று இருக்கும். "குமர் காரியம் பாவா, உதவி செய்யுங்க" என்னும் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு கடந்து செல்பவர் மிகச் சிலரே. பத்து ரூபாயேனும் விழும். கடைவீதிப் பெருவணிகர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்து எவரும் அறியாவண்ணம் இடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். குமரை வீட்டில் வைத்துக்கொண்டு உறங்க முடியாத தந்தையின் துயரை ஊர் தன் துயராக ஏற்றுக்கொள்ளும் அவ்வழக்கம் நம் சமுதாயத்தின் நல்ல வழக்கங்களுள் ஒன்று.

இது நமக்கு மட்டுமே உரியதென்று எண்ணவும் வேண்டியதில்லை. பாரி மாய்ந்த பின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, இவர்களை மணந்துகொள்க என்று இரந்து நின்றவர் கபிலர். இருவரும் மறுத்தனர். அந்தணப் புலவர் ஒருவர் தம் நண்பனின் மகளிருக்காக வாயில்தோறும் நின்றது, தமிழிலக்கியம் பதிவு செய்துள்ள குமர் காரியம் என்றே நாம் வகுப்பில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அவர் உயிர் நீத்த இடமென்று காட்டப்படும் குன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே இன்றும் நிற்கிறது. ஆதலின் இவ்வறம் இம்மண்ணில் நெடுநாட்பட்டது.

நிற்க. நமக்கு அகவை நாற்பதைக் கடந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பள்ளிவாசல் வாயில்களைக் கடந்திருக்கிறோம். "மணவிலக்குப் பெற்ற பெண், அவள் மீண்டும் வாழ உதவுங்கள்" என்னும் குரலை ஒருமுறையேனும் கேட்டதில்லை. திருமணம் நடைபெறும் நாளுக்கு ஊர் பணம் தருகிறது. அத்திருமணம் முறிந்து, பெண் குழந்தையோடு தாய்வீட்டு வாயிலில் வந்து நிற்கும் நாளுக்கு நம்மிடம் ஒரு சொல்லுமில்லை. குமர் காரியம் என்பதற்கு இணையாக அந்நிலையைக் குறிக்கும் சொல்லொன்று நம் வழக்கில் உண்டா என்று தேடிப் பார்த்தோம். 'வாழாவெட்டி' என்னும் வசைச்சொல் ஒன்றே அகப்பட்டது.

இதனை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயம் நமக்கே எழுந்தது. அதன் காரணத்தைப் பின்வரும் நிகழ்ச்சி கூறும்.

எம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று முதல் வகுப்பில் தேறிய மாணவி ஒருத்தி. பெயரும் ஊரும் வேண்டா. இறுதியாண்டுத் தேர்வு முடிந்த திங்களிலேயே நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். நாமும் சென்று விருந்துண்டு வாழ்த்திவிட்டு வந்தோம். ஓராண்டில் அவளும் அங்கே சென்றாள். அதன் பின்னர் ஐந்தாண்டுகள் செய்தியில்லை. செய்தி இல்லாததை நாம் நற்செய்தியென்றே கொண்டோம். ஒருநாள் துறையின் வாயிலில் மூன்று வயதுப் பெண்குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அவள் நின்றாள். தலாக் சொல்லப்பட்டுவிட்டது என்றாள். அழவில்லை.

கடல் கடந்து வாழும் மனைவியின் நிலை எத்தகையது என்பதை அன்றுதான் முழுமையாக அறிந்தோம். வளைகுடா நாடுகளில் குடும்ப விசாவில் செல்லும் மனைவி, கணவனின் பொறுப்பிலேயே அங்குத் தங்கியிருக்கிறாள். அவன் பொறுப்பை விலக்கிக்கொண்டால் குறித்த நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். மணவிலக்கும் நாடுகடத்தலும் அவளுக்கு ஒரே நாளில் நிகழ்கின்றன. வாடகை வீட்டின் ஒப்பந்தம் அவன் பெயரில். வங்கிக் கணக்கு அவன் பெயரில். குழந்தையின் கடவுச்சீட்டு அவன் பெட்டியில். இவள் கொண்டுவந்தது இரண்டு பைகள். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அங்கேயே அலமாரியில் கிடந்துவிட்டன. கேட்டால் அனுப்புவார் என்றும், கேட்க மனமில்லை என்றும் கூறினாள்.

அவள் எம்மிடம் கேட்டவை இரண்டு. சான்றிதழின் மறுபடி பெறப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காவல்நிலையத்தில் புகார் அளித்துச் சான்று பெறவேண்டும். உடன் வர ஆளில்லை. இஃது ஒன்று. ஏதேனும் ஒரு பள்ளியில் தமிழாசிரியைப் பணிக்குப் பரிந்துரைக் கடிதம் தரவேண்டும் என்பது மற்றொன்று. நாம் என்ன செய்தோம்? "சிறிது காலம் பொறும்மா, ஊர்ப்பேச்சு அடங்கட்டும்" என்றோம். அன்பினால் சொன்னதாகவே அன்று கருதினோம். வீட்டிற்கு வந்து மனைவியிடம் கூறியபொழுது, "ஊர்ப்பேச்சு அடங்குகிறவரை அந்தப் பிள்ளைக்குப் பால் யார் வாங்கித் தருவது?" என்று ஒரே கேள்வியில் எம் வாயை அடைத்துவிட்டார். மறுவாரமே கடிதம் எழுதினோம் என்று கூற ஆசைதான். உண்மை அதுவன்று. நான்கு திங்கள் கழித்தே எழுதினோம். அந்த நான்கு திங்களும் அவள் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு வேலை செய்தாள்.

திரும்பி வருதல் என்பது எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஈராக்கின் படை குவைத்திற்குள் புகுந்தபொழுது, அங்கிருந்த இந்தியர் 1,70,000 பேருக்கு மேல் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக வானூர்திகளில் நாடு கொண்டுவரப்பட்டனர். நாம் அப்பொழுது சிறுவர். உடுத்திய துணியோடு வந்திறங்கிய எம் தெருக்காரர் ஒருவரைப் பார்க்க ஊரே திரண்டது நினைவிருக்கிறது. சோறு வந்தது, சட்டை வந்தது, கடைவைக்கக் கைம்மாற்றும் வந்தது. ஏன் திரும்பி வந்தாய் என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. 2020ஆம் ஆண்டு மே முதல் பெருந்தொற்றின் காரணமாகத் திரும்பியோரையும் அவ்வாறே ஏற்றோம். போரினால் வந்தவரும் நோயினால் வந்தவரும் நம் பரிவுக்கு உரியவராயினர். தலாக்கினால் வந்தவளை மட்டும் ஏன் வந்தாய் என்று கேட்கிறோம். அதனினும் கொடிது, கேளாமலே பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சிறிது விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஏனெனில், ஜமாஅத்துப் பெரியோர் பலர் இன்றும், இத்தாக் காலத்து மூன்று திங்கள் செலவோடு கணவனின் கடமை முடிந்தது என்றே கருதுகின்றனர். 1985இல் ஷாபானு வழக்கின் தீர்ப்பு வந்ததும், அதனைத் தொடர்ந்து 1986இல் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கில் உரிமைப் பாதுகாப்பு) சட்டம் இயற்றப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அச்சட்டத்தை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒருசேரக் கவனியாது விட்ட சொற்கள் அதன் மூன்றாம் பிரிவிலேயே உள்ளன. நியாயமான, தக்க ஏற்பாடும் வாழ்க்கைப்பொருளும் இத்தாக் காலத்திற்குள் அளிக்கப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. 2001 செப்டம்பர் 28ஆம் நாள் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது: கொடுக்கவேண்டிய காலம் இத்தா, கொடுக்கவேண்டியது அவளுடைய எதிர்காலம் முழுமைக்கும் உரிய ஏற்பாடு. மஹர் நிலுவையிருப்பின் அதுவும், திருமணத்தின்போது அவளுக்கு உறவினர் அளித்த பொருள்களும் அவளுக்கே உரியன. 2024 சூலை 10ஆம் நாள் வந்த மற்றொரு தீர்ப்பு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் வழியாகவும் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் வாழ்க்கைப்பொருள் கோரலாம் என்று உறுதி செய்தது. முத்தலாக்கை ஒரே மூச்சில் சொல்வது 2017 ஆகஸ்டு 22ஆம் நாளோடு செல்லாதாயிற்று. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாகவும் ஆக்கிற்று. கணவனைச் சிறையில் அடைப்பதால் மனைவிக்குச் சோறு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எமக்கு அதில் ஐயமுண்டு. நம் சென்னை உயர்நீதிமன்றமும், காஜியார் அளிக்கும் தலாக் சான்று அவரது கருத்துரையே அன்றிச் சட்டச் சான்று ஆகாது என்று 2017இல் கூறியுள்ளது.

இவ்வளவும் இருந்தும் எம் மாணவி நீதிமன்றம் செல்லவில்லை. கடலுக்கு அப்பால் இருப்பவன்மேல் ஆணை பெற்று அதனை நிறைவேற்றுவதற்குள் குழந்தை பள்ளியிறுதி வகுப்பை எட்டிவிடும் என்றாள். மிகையன்று. எனவே உரிமை ஏட்டில் இருக்க, உலை அடுப்பில் இருக்க, இரண்டிற்கும் இடையே உள்ள காலத்தை யார் நிரப்புவது என்னும் வினா எழுகிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகைக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். எம் மாணவிக்கு அப்பொழுது இருபத்தேழு. அந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, உறவினரும் தாங்கவியலாத நிலையில் மாநில வக்ஃபு வாரியமே பொருளளிக்குமாறு நீதிபதி ஆணையிடலாம் என்கிறது. அதற்கும் நீதிமன்றப் படி ஏறியாக வேண்டும்.

இவ்விடத்தில், நம் மக்கள் பெரும்பாலோர் அறியாத ஏற்பாடு ஒன்றைச் சுட்ட விரும்புகிறோம். தமிழகத்தில் மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் அமைக்கும் திட்டம் உண்டு. கைம்பெண்டிர், கணவனால் கைவிடப்பட்டோர், மணவிலக்குப் பெற்றோர் ஆகியோருக்குத் தொழில் செய்யவும் பயிற்சி பெறவும் பொருளுதவி செய்வதே அதன் நோக்கம். அதன் நிதி எவ்வாறு வருகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சமுதாயத்தார் நன்கொடை திரட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்த தொகைக்கு ஈடாக அரசு தன் பங்கை இடும். தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என இருந்த அவ்விகிதம், பின்னர் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என உயர்த்தப்பட்டு, ஆண்டுக்கு உச்சமாக 20 இலட்சம் ரூபாய் வரை அரசு தருமாறு வகுக்கப்பட்டது. பத்து இலட்சம் ரூபாயை ஒரு மாவட்டத்து முஸ்லிம்கள் திரட்டினால் அது முப்பது இலட்சமாகிறது. வணிகம் செய்யும் பெரியோரே, இதனினும் ஆதாயமான முதலீட்டை நீங்கள் கண்டதுண்டா? கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர் எனப் பள்ளிவாசல்கள் பலவற்றை உடைய நம் மாவட்டத்தில் ரமலான் ஒரு திங்களில் பிரிந்து சிதறும் ஜகாத்துத் தொகை எவ்வளவாயிருக்கும்? சேலைகளாகவும் ஐம்பது ரூபாய்த் தாள்களாகவும் அது கரைந்துபோவதை ஆண்டுதோறும் வீட்டு வாயில்களில் பார்க்கிறோம். அச்சேலையை வாங்கும் பெண் மறுவாரம் அதனையே பாதி விலைக்கு விற்பதையும் பார்க்கிறோம்.

நாம் கொடுக்க மாட்டாதவர் அல்லர். 2024 ஏப்ரலில், கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் ரியாத் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்தபொழுது, அவருக்காக ஈட்டுப்பணம் 34 கோடி ரூபாயைக் கேரளத்து மக்கள் மதவேறுபாடின்றித் திரட்டினர். அதே ஆண்டு சூன் திங்களில் நம் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அரசு குடும்பம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய் அளித்தது; தொண்டு அமைப்புகளும் வந்தன; எம் மாணவர்களும் அரிசி மூட்டை சுமந்தனர். சாராயம் குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா என்று முணுமுணுத்தோரும் உண்டு. அத்தொகை செத்தவனுக்கன்று, அவன் மனைவிக்கும் மக்களுக்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. எவ்வாறாயினும், மரணம் வந்தால் நம் கை திறக்கிறது. மணமுறிவு மரணத்தைப் போல் ஒரே நாளில் செய்தித்தாளில் வருவதில்லை. அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அதற்குக் கை திறப்பதில்லை.

எம் மாணவியின் கதையில் இனி வருவதே இக்கட்டுரைக்குக் காரணமானது. பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த மறுஆண்டு, எம் துறையின் முன்னாள் மாணவர்கள் கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளி மாணவியருக்குப் போர்வையும் நோட்டும் வாங்கித்தர நிதி திரட்டத் தொடங்கினர். மார்கழிக் குளிரில் அம்மலைமேல் ஓரிரவு தங்கியவருக்குப் போர்வையின் பொருள் தெரியும். அவளும் வந்து சேர்ந்துகொண்டாள். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாலைநேரத்தில் வீடுவீடாகச் செல்வாள். குழந்தை உடன் நடக்கும். முதல் வாரத்திலேயே எமக்குச் செய்தி வந்தது. பெரியவர் ஒருவர், எம்மிடம் மிக்க அன்பு உடையவர்தாம், தனியே அழைத்து, "பேராசிரியரே, தலாக் வாங்கின பொண்ணு வீடுவீடா போய் வசூல் பண்றது நல்லா இருக்கா? நாளைக்குக் கணக்குல ஒண்ணு கூடக் குறைய ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். அவள் தனக்கே இரந்து நின்றிருந்தால் அவர் நூறு ரூபாய் கொடுத்திருப்பார். பிறருக்காக இரந்தபொழுது அவருக்கு ஐயம் வந்தது. உதவி பெறும் இடத்திலேயே அவளை வைத்துப் பார்க்க நம் கண் பழகிவிட்டது. உதவும் இடத்தில் கண்டால் கூசுகிறது.

அப்பெரியவருக்கு நாம் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் அவர்களை நினைவூட்டினோம். முதல் மணம் மணவிலக்கில் முடிந்தவர் அவர். பின்னர் நபிகள் நாயகத்தின் மனைவியருள் ஒருவராகும் பேறு பெற்றவர். தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் ஈட்டி, ஈட்டியதை ஏழைகளுக்கே வழங்கியவர். தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே முதலில் தம்மை வந்தடைவார் என நபிகளார் கூறியதைக் கேட்டு அவர்கள் கைகளை அளந்து பார்த்தனர் என்றும், உருவில் சிறியவரான ஜைனப் முதலில் மறைந்தபொழுதே நீண்ட கை என்பது ஈகையைக் குறித்தது என்று உணர்ந்தனர் என்றும் ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. மொழிப்பாடம் நடத்துவோர்க்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. தமிழில் 'கை நீளம்' என்றால் திருட்டு. அரபு வழக்கில் ஈகை. எம் பெரியவர் தமிழ் வழக்கிலேயே நின்றுவிட்டார் என்று கூறியபொழுது அவரும் சிரித்துவிட்டார். ஆயினும் அன்று அவர் நன்கொடை தரவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

தமிழிலேயே சான்று வேண்டுவோருக்கு மணிமேகலை இருக்கிறது. கடல்சூழ்ந்த மணிபல்லவத்திலிருந்து அமுதசுரபியோடு புகார் திரும்பிய மணிமேகலை, முதற்பிச்சையை யாரிடம் பெற்றாள்? ஆதிரையிடம். யார் அவ்வாதிரை? கணவன் சாதுவன் பரத்தையிடமும் சூதிலும் பொருளை இழந்து, அவளைத் துறந்து, பின் கடல் கடந்து சென்றவன். கப்பல் கவிழ்ந்து மாண்டான் என்று பொய்ச்செய்தி வர, தீப்புகுந்தும் வேகாது மீண்டவள் அவள். அவன் மீண்டு வந்தது பிந்தைய கதை. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரத்தில் முதற்சோறு இடுவதற்கு, அரசியையோ வணிகப் பெருமாட்டியையோ தேடாமல், கைவிடப்பட்ட துயரை அறிந்த ஒருத்தியைச் சாத்தனார் தேர்ந்தெடுத்தார். இதனை ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறோம். எம் மாணவி ரசீதுப் புத்தகத்தோடு நின்றபின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. கற்பித்தவர் கற்றவரிடம் கற்றது இது.

போர்வைகளை ஏற்றிக்கொண்டு நாம் மலையேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோமுகி அணையைக் கடந்து கரியாலூர் வழியாக வெள்ளிமலை செல்லும் அச்சாலையை அறிந்தவர் அறிவர். ஒருபுறம் பள்ளத்தாக்கு, மறுபுறம் மரவள்ளியும் சாமையும். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை, காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாம் என்பது அவர்கள் வழங்கும் கதை, பேசுவது தமிழ். அவர்களும் பிழைப்புத் தேடிக் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் இறங்கிச் செல்கின்றனர். அங்கும் வீட்டில் காத்திருக்கும் பெண்கள் உண்டு.

ஒரு வீட்டுத் திண்ணையில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி எம் மாணவியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரன் வரலியா தாயி?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்து, விட்டுவிட்டார் என்றாள். எம்முடன் வந்தோர் யாவரும் வேறு திசையைப் பார்த்தோம். மூதாட்டியோ, மழை வருமா என்று கேட்பது போல் இயல்பாக, "வேற நல்லவனாப் பாத்துக் கட்டிக்க வேண்டியதுதான? புள்ளையும் சின்னதா இருக்கு" என்று கூறிக் கடுக்காயைத் துழாவலானார். அம்மக்களிடையே ஊர்ப்பெரியோர் முன்னிலையில் மணம் முறிவதும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும் பழைய வழக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பதும் அவ்வாறே. மஹர் கொடுத்து மணக்குமாறு கற்பிக்கப்பட்ட நாம் கைக்கூலி வாங்கி மணக்கிறோம். மறுமணத்தை முன்மாதிரியாகக் காட்டப்பெற்ற நாம் அதனை இழிவென்று எண்ணுகிறோம். மலைமக்களுக்குப் போர்வை கொடுக்கச் சென்ற நாம் எதனைப் பெற்றுத் திரும்பினோம் என்று பேருந்தில் எண்ணிக்கொண்டே வந்தோம். அவள் அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள் என்பதையும் குறிக்க வேண்டும்.

அன்றிரவே கணக்கு எழுதப்பட்டது. எம் துறையில் இதுவரை நடந்த வசூல்களுள் வரவும் செலவும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்திய கணக்கு அஃதொன்றே என்பதைத் துறைத்தலைவரும் ஒப்புக்கொண்டார். ஆண்கள் நாங்கள் நடத்திய முந்தைய ஆண்டின் கணக்கில் தேநீர்ச் செலவு எவ்வளவு என்பதை இங்கே எழுதினால் நண்பர்கள் வருந்துவர்.

இனி, எதிர்ப்புகளைக் கருதுவோம். மணவிலக்குப் பெற்றோர்க்கு நிதி என்று அறிவித்தால் மணவிலக்கு பெருகாதா என்று கேட்போர் உளர். நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். நாம் திருப்பிக் கேட்பது இது: மருத்துவமனை கட்டினால் நோய் பெருகுமா? தையற்பொறி ஒன்று கிடைக்கும் என்பதற்காகக் கணவனைத் துறக்கும் பெண் எவ்வூரில் இருக்கிறாள்? மாறாக, கைச்செலவுக்கு வழியில்லை என்ற ஒரே காரணத்தால் அடியும் உதையும் பட்டுக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். குலா கோரும் உரிமை பெண்ணுக்கு உண்டென்று மார்க்கம் கூறியும், அதனைக் கோரும் துணிவு வறுமையினால் எழாமற்போகிறது. நிதி இருந்தால் சில மணங்கள் முறியும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவை முறியவேண்டியவை.

இன்னொரு சாரார், உதவுவோம், ஆனால் மேடையில் ஏற்றி உதவுவோம் என்பவர்கள். விழா எடுத்து, விருந்தினரை அழைத்து, தையற்பொறியின் ஒருபுறம் பெண்ணையும் மறுபுறம் வள்ளலையும் நிறுத்திப் படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்புவர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாவண்ணம் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர்க்கு இது பொருந்துமா? அப்படம் அவள் மகளின் பள்ளியில் அனைவர் கைக்கும் போகும் என்பதை அவ்வள்ளல் அறிவாரா? எம் மாணவி எம்மிடம் வைத்த ஒரே நிபந்தனை இதுதான்: நிதி திரட்டப்போகும் வீடுகளில் தன் கதையைச் சொல்லக் கூடாது. அவள் இரக்கத்தை விற்றுப் பணம் திரட்ட மறுத்தாள். அதனால் வசூல் குறைந்திருக்கலாம். குறையட்டும்.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அவர்கள் பெண்களுக்கென்றே ஜமாஅத் அமைத்து, தலாக் வழக்குகளைப் பெண்களே இருந்து கேட்கும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார். 2011இல் அதுபற்றி ஆவணப்படமும் வந்தது. பெண்களுக்கெனத் தனிப்பள்ளிவாசல் கட்ட அவர் நிதி திரட்டியதைப் பலர் கண்டித்தனர். தனிப்பள்ளிவாசல் தேவையா என்பதில் எமக்கும் முழு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். நம் ஜமாஅத்துகளில் தலாக் வழக்குப் பேசப்படும்பொழுது, பாதிக்கப்பட்ட பெண் அவ்வறைக்குள் இருக்கிறாளா? அவள் தந்தை இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், முத்தவல்லி இருக்கிறார். அவள் வீட்டில் இருக்கிறாள். அவள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு அவளுக்குப் பெரியப்பாவின் வாய்வழியாக வந்து சேர்கிறது. உள்ளே ஒரு நாற்காலி போட்டிருந்தால் வெளியே ஒரு ஜமாஅத் தோன்றியிராது என்பது எம் கருத்து.

ஆகவே பெரியோர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. நிக்காஹ் பதிவேட்டில் மஹர்த் தொகையோடு, அது கொடுக்கப்பட்டதா நிலுவையா என்பதையும், மணமகன் வெளிநாட்டில் இருப்பின் அவனது அங்குள்ள முகவரியையும் வேலை செய்யுமிடத்தையும் எழுதுங்கள். பெண்ணின் சான்றிதழ்களின் நகலைத் தாய்வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பைத்துல்மாலில் குமர் காரியத்துக்கு ஒதுக்குவதில் நான்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். அதனை மகளிர் உதவும் சங்கத்தின் வழியாகச் செலுத்தினால் மும்மடங்காகும். கணக்கைப் பெண் ஒருத்தியிடம் கொடுங்கள். இக்கடைசி வரியைப் படித்துச் சிலர் சிரிப்பர் என்பது தெரியும். மேலே சொன்ன கணக்கேடு எம் துறையில்தான் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

எம் மாணவி இப்பொழுது கல்வியியல் பட்டம் பெற்றுவிட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து சான்றிதழின் மறுபடி வந்துசேர ஓராண்டுக்கு மேலாயிற்று. மறுமணம் பற்றி அவள் அத்தா கேட்டபொழுது, முதலில் நிரந்தரப் பணி, பிறகு யோசிக்கலாம் என்றாளாம். குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்டது. இவ்வாண்டும் மார்கழிக்கு முன் மலைக்குப் போர்வை கொண்டுசெல்லவேண்டும். ரசீதுப் புத்தகங்கள் அச்சாகி வந்துவிட்டன. முதல் புத்தகத்தின் முதல் ரசீதை, சென்ற முறை நன்கொடை தராத அப்பெரியவர் பெயருக்கே எழுதியிருக்கிறாள். தொகையை எழுதாமல் இடம் விட்டிருக்கிறாள்.